கள்ளச் சாவியும் அடைக்கலப் பொருளும்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், திருட்டுத் தொழிலோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத கண்ணியமான மனிதர்கள், பகலெல்லாம் தத்தம் அலுவல்களைப் பார்த்துவிட்டு, மாலை வேளைகளில் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, தாங்களே காசு கொடுத்து வாங்கிய பூட்டுகளைச் சாவியின் துணையில்லாமல் திறப்பதை ஒரு வித்தையாகப் பழகி வருகிறார்கள் என்ற செய்தி நம்மவரில் பலருக்கு விசித்திரமாகப் படலாம். ஜெர்மனியில் 1997ஆம் ஆண்டில் ஹாம்பர்க் நகரத்தில் இதற்கென்றே ஒரு சங்கம் ஏற்பட்டது. நெதர்லாந்திலும், பிற்பாடு அமெரிக்காவிலும், ‘டூல்’ என்ற பெயருடைய சபையார் இதே காரியத்தைச் செய்து வருகிறார்கள். இவர்களுக்குள் வழங்கும் முக்கிய விதிகள் இரண்டு. தனக்குச் சொந்தமல்லாத பூட்டை, உடையவனுடைய சம்மதமின்றித் தொடலாகாது என்பது ஒன்று; சொந்தப் பூட்டே ஆனாலும், கதவிலோ பெட்டியிலோ உபயோகத்தில் இருப்பதைத் தொடலாகாது என்பது மற்றொன்று. முதல் விதியைச் சொல்வது அறம். இரண்டாவதைச் சொல்வது அனுபவம், ஏனென்றால் கம்பி பட்ட பூட்டு சில சமயம் உள்ளே பழுதடைந்து வீட்டுக்காரனையே வாசலில் நிறுத்திவிடும்.

இவர்களுக்கு வேண்டிய சாதனம் ஒரு மெல்லிய கம்பி. கம்பி என்று பேச்சுக்குச் சொன்னாலும், அது ஸ்பிரிங் எஃகுத் தகட்டிலிருந்து வெட்டி எடுத்த சிறு பட்டைதான். அதன் நுனி கொக்கி போல் வளைந்திருக்கும், அல்லது பாதி வைரம்போல் கூம்பியிருக்கும், அல்லது அலையலையாக நெளிந்திருக்கும். அமெரிக்கப் பூட்டுகளின் சாவித்துவாரம் பெரும்பாலும் விசாலமானதாகையால், ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டை அங்கே தாராளமாகப் புழங்கும். ஐரோப்பியப் பூட்டுகள் பலவற்றிலோ துவாரம் குறுகி நெளிந்து போவதால், அதைவிட மெல்லிய பட்டையே உள்ளே திரும்பும். கடையில் விற்பது எல்லாக் கைக்கும் பொதுவாகச் செய்தது; தேர்ந்த கைக்கு அது திருப்தி தருவதில்லை. ஆகவே ஒருவர் தம் அனுபவத்துக்கு ஏற்ற வடிவத்தை வரைந்து, உலோகம் வெட்டும் பட்டறைக்கு அனுப்பி விலை கேட்கிறார். பட்டறைக்காரரோ, பத்துப் பட்டைக்காக இயந்திரத்தை ஓட்ட முடியாது, சில நூறு என்றால் செய்து தருகிறோம் என்கிறார். அந்த ஒரு பதிலில்தான் கூட்டுக் கொள்முதல் என்ற ஏற்பாடு பிறக்கிறது. ஒருவர் முன்வந்து பெயர்களைச் சேர்க்கிறார், பணத்தை முன்கூட்டியே வசூலிக்கிறார், பட்டறையோடு பேசுகிறார், வந்த சரக்கைப் பிரித்துப் பல ஊர்களுக்கும், சில சமயம் பல தேசங்களுக்கும், தபாலில் அனுப்பி வைக்கிறார்.

இதைக் கேட்ட மாத்திரத்தில் தர்ம சிந்தையுள்ள எவரும் எழுப்பக்கூடிய ஆட்சேபம் ஒன்று உண்டு: திருடனுக்குப் பயன்படக்கூடிய ஆயுதத்தை நூற்றுக்கணக்கில் செய்வித்து ஊர் ஊராக அனுப்புவது பாவமல்லவா? இந்தக் கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் இது பெரிய கேள்விபோல் தோன்றுவதற்குத் தக்க அளவு பெரியது அன்று என்பதும், இந்த ஏற்பாட்டின் உண்மையான தர்மசங்கடம் வேறோர் இடத்தில், யாரும் சந்தேகிக்காத இடத்தில், இருக்கிறது என்பதும் என் அபிப்பிராயம்.

சாதாரணமாக நம் கதவுகளில் இருக்கும் உருளைப் பூட்டுக்குள் ஐந்தாறு சிறு ஊசிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் இரு துண்டாகப் பிளந்து, மேலிருந்து ஒரு வில்லால் அமுக்கப்பட்டிருக்கிறது. உரிய சாவி வந்து ஒவ்வோர் ஊசியையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கும்போது பிளவுகள் யாவும் ஒரே வரம்பில் வந்து நிற்க, உருளை சுழல்கிறது. ஊசிகள் நிற்கும் துளைகள் கணித சுத்தமான ஒரே நேர்கோட்டில் துளைக்கப்பட்டிருந்தால், உருளையைச் சிறிது முறுக்கும்போது எல்லா ஊசிகளும் ஒருங்கே இறுகிக்கொள்ளும். அப்போது கம்பியால் ஆகக்கூடியது மிகக் குறைவு. ஆனால் மனிதன் துளைத்த துளை மயிரிழையாவது விலகியே இருக்கிறது. அதனால் ஒரே ஓர் ஊசி முதலில் இறுகுகிறது. அதைக் கம்பியால் மெல்லத் தூக்கி அதன் வரம்பில் உட்கார வைத்தால், அடுத்தது இறுகும். அதன் பின் அதற்கடுத்தது. ஆகவே பூட்டைத் திறப்பது கம்பியின் சாமர்த்தியம் என்பதைவிட, படைத்தவனுடைய கைப்பிழை என்பதே பொருந்தும். இந்தப் பிழையை அறிவதும், அறிந்ததைப் பிறருக்குச் சொல்வதும் குற்றமா என்பதுதான் ஆட்சேபத்தின் உட்பொருள்.

லண்டனில் ஜோசப் பிராமா என்ற தொழில்நுட்ப மேதை, தாம் 1784இல் காப்புரிமை பெற்ற பூட்டின் ஒரு பிரதியைத் தம் பிக்காடிலி கடையின் ஜன்னலில் தொங்கவிட்டு, இதைத் திறக்கும் கருவியைச் செய்துகாட்டுகிறவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி வைத்தார். அவர் இறந்து பல ஆண்டுகள் சென்ற பிறகும் அது அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. 1851இல், உலகப் பெரும் பொருட்காட்சிக்காக அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஆல்ஃபிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ் என்பவர், சப் கம்பெனியாரின் புகழ்பெற்ற பூட்டை முதலில் 25 நிமிஷத்தில் திறந்து காட்டிவிட்டு, பிறகு பிராமாவின் பூட்டுக்கென்று தனியாகக் கருவிகள் செய்துகொண்டு, நாட்கணக்கில் உட்கார்ந்து, மொத்தம் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் உழைத்து அதையும் திறந்தார். ஹாப்ஸ் துறவியல்லர், தம் கம்பெனியின் பூட்டை விற்கவே வந்தவர். ஆனாலும் ஆங்கிலப் பூட்டுகளின் மேல் ஜனங்கள் வைத்திருந்த குருட்டு நம்பிக்கை அவரால் கலைந்தது. இரண்டு வருஷத்துக்குப் பின், 1853இல் சார்ல்ஸ் டாம்லின்ஸன் பதிப்பித்த பூட்டு நூலில், பூட்டின் குறைகளைப் பகிரங்கமாகப் பேசலாமா என்ற விவாதமே எடுத்துக்கொள்ளப்பட்டு, அயோக்கியர்களுக்கு அவர்கள் தொழில் முன்பே நன்றாகத் தெரியும், தெரியாமல் நஷ்டப்படுகிறவன் யோக்கியன்தான் என்று முடிவும் சொல்லப்பட்டிருக்கிறது.

இந்த வாதம் வியாபார உலகத்துக்கு உரியது என்று ஒதுக்குகிறவர்கள் சமய நூல்களைப் பார்க்கலாம். பௌத்த உரையாசிரியர்கள், கொடாததை எடுத்தல் என்ற குற்றம் பூர்த்தியாவதற்கு ஐந்து அங்கங்கள் வேண்டும் என்று வகுத்திருக்கிறார்கள்: பொருள் பிறருடையதாக இருத்தல், பிறருடையது என்று அறிதல், திருடும் சித்தம், அதற்கான முயற்சி, அந்த முயற்சியால் பொருள் இடம் பெயர்தல். தன் பூட்டைத் தானே திறக்கிறவனிடம் முயற்சி ஒன்று மட்டும் இருக்கிறது. யூத ஆசாரியர்கள் இன்னும் நுட்பமாகச் செல்கிறார்கள். குருடன் முன் தடைக்கல்லை வைக்காதே என்ற வேத விதியை விளக்கும் தல்மூத், மது அருந்துவதில்லை என்று விரதம் பூண்டவனுக்கு ஒருவன் மதுக் கிண்ணத்தை நீட்டும் உதாரணத்தை எடுத்துக்கொண்டு, ஆற்றின் ஒரு கரையில் அவனும் மறு கரையில் மதுவும் இருந்து, நீ எடுத்துக் கொடுத்தாலன்றி அவனுக்கு அது கிட்டாது என்றால்தான் விதியை மீறியவன் ஆவாய் என்கிறது. இரண்டும் ஒரே கரையில் இருந்தால் அந்த விதி உன்னைப் பற்றாது. ஆனாலும் பாவம் செய்கிறவன் கைக்குத் துணை போவது தகாது என்று பின்வந்தவர்கள் அதையும் முழுதாக விட்டுவிடவில்லை. கத்தோலிக்க சமயத்திலோ, 1679இல் பதினோராம் இன்னொசென்ட் என்ற பாப்பரசர் கண்டனம் செய்த கொள்கைகளுள் ஒன்று, எஜமான் கெட்ட காரியத்துக்காக ஜன்னல் ஏறும்போது, அந்த நோக்கத்தை அறிந்தும் தோள் கொடுத்து, ஏணி சுமந்து, கதவைத் திறந்துவிடும் வேலைக்காரன், பெருநஷ்டத்துக்கு அஞ்சிச் செய்தால் பெரும்பாவி ஆகமாட்டான் என்பது. கண்டிக்கப்பட்டது ஏணி செய்த தச்சன் அல்லன் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்ன இரவில் இன்ன ஜன்னலுக்கு என்று தெரிந்தே அதைச் சுமந்தவனுடைய பாவத்தை லேசாக்கப் பார்த்த கொள்கைதான் கண்டிக்கப்பட்டது.

அரசாங்கங்களும் ஏறக்குறைய இந்த வழியிலேயே தடுமாறுகின்றன. இங்கிலாந்தின் 1968ஆம் வருஷத்துத் திருட்டுச் சட்டம், வீட்டுக்கு வெளியே ஒருவன் கையில் கருவி இருப்பதை மட்டும் பார்க்காமல், அது திருட்டுக்காகவா என்று கேட்கிறது. ஜப்பானில் 2003இல் வந்த சட்டம், தக்க காரணமின்றி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. அமெரிக்காவில் இத்தகைய கருவிகள் சிலவற்றைப் பூட்டுத் தொழிலாளர் முதலிய சில வகையாருக்கே தபாலில் அனுப்பலாம் என்று விதி இருக்கிறது. கொள்முதல் செய்கிறவர் தம் தேசத்துச் சட்டத்தையும் வாங்குகிறவர் தேசத்துச் சட்டத்தையும் விசாரித்துக்கொள்வது கடமை. தர்ம விசாரத்துக்குச் சட்டம் முற்றிலும் போதாது. ஆனாலும் சட்டத்தை மீறிக்கொண்டு தர்மம் பேசுவது பெரும்பாலும் சாக்கு.

இனி நான் முன்பு சொன்ன வேறோர் இடத்துக்கு வருகிறேன். அதற்கு நல்ல வழிகாட்டி, பண்டிதமணி கதிரேசச் செட்டியார் ‘மண்ணியல் சிறுதேர்’ என்று தமிழாக்கித் தந்த சூத்திரகனுடைய நாடகம். அதில் வரும் சர்விலகன் பிராமணன். களவை ஒரு சாஸ்திரமாகக் கற்றவன். தான் காதலித்த மதனிகை என்ற பணிப்பெண்ணை விலை கொடுத்து அடிமைத்தளையிலிருந்து மீட்பதற்காக, சாருதத்தன் என்ற வறியவனுடைய வீட்டில் கன்னம் வைக்கிறான். அளவு நூலைக் கொண்டுவர மறந்துவிட்டதால் மார்பில் கிடக்கும் பூணூலையே எடுத்துச் சுவரை அளக்கிறான்; அதோடு நில்லாமல், சுவரை அளக்கவும், பூட்டிய அணிகளைக் கழற்றவும், தாழிட்ட கதவைத் திறக்கவும், பாம்பு கடித்தால் கட்டுப் போடவும் இது எவ்வளவு உபகாரமான வஸ்து என்று அதற்கு ஒரு ஸ்தோத்திரமும் செய்கிறான். கருவியில் புண்ணிய பாவம் இல்லை என்பதை இதைவிடக் குறும்பாக யாரும் சொன்னதில்லை. உபநயனத்தில் அணிவித்த புனிதச் சரடே அன்றிரவு கள்ளச் சாவியாகிறது என்றால், எஃகுப் பட்டையைப் பார்த்து நாம் அஞ்சுவதில் என்ன அர்த்தம்?

ஆனால் நாடகத்தின் கனமான பகுதி சர்விலகன் திருடுவதில் இல்லை; அவன் திருடிய பொருள் யாருடையது என்பதில் இருக்கிறது. அந்த நகைப்பேழை சாருதத்தனுடையதன்று. வசந்தசேனை என்ற பெண் அவனிடம் அடைக்கலமாக வைத்துச் சென்றது. வைக்கும்போதே அவன், இது அடைக்கலம் வைக்கத் தகுந்த வீடன்று என்று தயங்க, அடைக்கலம் வைப்பது மனிதரை நம்பியேயன்றி வீட்டை நம்பியன்று என்ற கருத்தில் அவள் பதில் சொல்லிவிடுகிறாள். அந்தப் பேழைக்குப் பூட்டுக்கூட உதவவில்லை. அதைக் காத்துக்கொண்டு உறங்கிய அவன் தோழன் மைத்திரேயன் தூக்கத்தில் பிதற்றி, நண்பன் என்று எண்ணித் திருடன் கையிலேயே கொடுத்துவிடுகிறான். விழித்த சாருதத்தன், சுவரில் போட்ட துவாரத்தின் அழகை முதலில் ரஸிக்கிறான், வந்தவன் வெறுங்கையோடு போகவில்லையே என்று சந்தோஷப்படுகிறான். போனது அடைக்கலப் பொருள் என்று தெரிந்ததும் மூர்ச்சிக்கிறான். தன் பொருள் போவதற்கும் பிறர் நம்பி வைத்தது போவதற்கும் உள்ள தூரத்தை அந்த ஒரு கணத்தில் கவி காட்டிவிடுகிறார்.

கூட்டுக் கொள்முதல் நடத்துகிறவர் நிற்கும் இடம் சாருதத்தனுடைய இடம். எந்தப் பூட்டும் கொஞ்ச நேரத்துக்குத்தான் என்று கைப்பழக்கத்தாலேயே அறிந்தவர்கள், முகம் பார்த்திராத ஒருவருக்கு, பத்திரமோ ஜாமீனோ இல்லாமல், இரண்டு மாதமோ மூன்று மாதமோ கழித்து வரப்போகும் ஒரு பொருளுக்காகப் பணத்தை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். இதில் உள்ள முரண் எனக்கு மிகவும் ரஸமாகப் படுகிறது. இரும்பை நம்பாதவர்கள் வார்த்தையை நம்புகிறார்கள். ஆகவே இந்த ஏற்பாட்டில் களவு நுழையுமானால், எங்கோ ஒருவன் அந்தக் கம்பியால் யாருடைய கதவையோ திறப்பதன் வழியாக நுழைவதைவிட, கணக்குப் புத்தகத்தின் வழியாக நுழைவதற்கே சந்தர்ப்பம் அதிகம். வீடு புகுகிறவன் பெரும்பாலும் கதவை நெம்புகிறான், கண்ணாடியை உடைக்கிறான். தல்மூத் சொன்ன ஆற்றில், அவன் ஏற்கனவே மதுவோடு ஒரே கரையில் இருக்கிறான். கணக்கு எழுதுகிறவரோ தனியாக இருக்கிறார். ஜைன ஆசாரியர் உமாஸ்வாதி, கள்ளாமை விரதத்துக்கு நேரும் பழுதுகளைச் சொல்லும்போது, திருடனை ஏவுவதையும் திருட்டுச் சரக்கை வாங்குவதையும் சொன்னதோடு, அளவையிலும் நிறையிலும் கூட்டிக் குறைப்பதையும், போலிச் சரக்கை நல்ல சரக்காக மாற்றி விற்பதையும் அதே வரிசையில் வைத்திருக்கிறார். கன்னக்கோலும் தராசும் அவருக்கு ஒரே அத்தியாயம்.

நம் தர்மசாஸ்திரங்கள் இந்த விஷயத்தில் வியக்கத்தக்க அளவு விவரமாக இருக்கின்றன. மனு வகுத்த பதினெட்டு வழக்குத் தலைப்புகளில் கடனுக்கு அடுத்தபடியாக அடைக்கலப் பொருளும், நான்காவதாகப் பலர் கூடிச் செய்யும் தொழிலும் வருகின்றன. அடைக்கலம் வைத்த பொருளைத் திருடன் கொண்டுபோனாலும், வெள்ளம் அடித்துச் சென்றாலும், தீ எரித்தாலும், காத்தவன் அதில் எதையும் தான் எடுத்துக்கொள்ளாதிருந்தால், திருப்பித் தர வேண்டியதில்லை என்பது மனுவின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பின்படி சாருதத்தன் ஒரு காசும் கொடுக்கக் கடமைப்பட்டவன் அல்லன். ஆயினும் அவன் மனைவி தூதை தன் ரத்தின மாலையைக் கழற்றிக் கொடுக்க, அதை அவன் வசந்தசேனைக்கு அனுப்பி வைக்கிறான். தபாலில் மூட்டை காணாமற்போன ஒரு கொள்முதல்காரரிடம் நாம் இந்த அளவைக் கேட்க முடியாது. அது சட்டத்துக்கு மேற்பட்ட பெருந்தன்மை. கேட்டுப் பெறக்கூடியதாக இருந்தால் அது பெருந்தன்மை ஆகாது. ஆனால் வழியில் போனால் நஷ்டம் யாருடையது என்பதைப் பணம் வாங்குமுன் சொல்லிவிடும்படி கேட்கலாம். கூடித் தொழில் செய்கிறவர்கள் அவரவர் போட்ட முதலுக்குத் தக்கபடியோ, பேசிக்கொண்டபடியோ லாப நஷ்டத்தை ஏற்க வேண்டும் என்று யாக்ஞவல்கியர் விதித்திருப்பது இங்கே அப்படியே பொருந்தும்.

சாருதத்தனிடம் நாம் பின்பற்றக் கூடாத ஒன்றும் உண்டு. வறியவன் சொல்லும் உண்மையை யார் நம்புவார்கள் என்று அஞ்சி, திருட்டுப் போயிற்று என்று சொல்லாமல், சூதாடித் தோற்றுவிட்டேன் என்று பொய் சொல்லி அனுப்புகிறான். கொள்முதல்காரர்களிடம் இந்தப் பொய்யின் தம்பி ஒன்றைக் காணலாம். அதன் பெயர் மௌனம். பட்டறை தாமதிக்கிறது, முதல் தவணையில் வந்த பட்டைகள் விளிம்பு பிசிறாக இருக்கின்றன, விலை ஏறிவிட்டது. இவற்றைச் சொன்னால் சந்தேகப்படுவார்களே என்று ஒரு வாரம் வாய் திறவாமல் இருக்க, அந்த ஒரு வாரமே சந்தேகத்தை உண்டாக்கிவிடுகிறது. பணம் அப்படியே பத்திரமாக இருக்கும். ஆனாலும் அடைக்கலம் வைத்தவருடைய நிம்மதி போய்விட்டது, அதுவும் அவர் வைத்த பொருள்தான்.

இன்னும் நுட்பமான இடங்கள் உண்டு. நூறு பேர் என்று நினைத்து ஒரு விலை வசூலித்தாயிற்று. நூற்றைம்பது பேர் சேர்ந்ததால் பட்டறை விலையைக் குறைத்தது. அந்த வித்தியாசம் யாருடையது? சந்தேகமின்றிப் பணம் போட்டவர்களுடையது. அது ஒவ்வொருவருக்கும் ஒரு காப்பி விலைகூட இராது என்பது உண்மைதான். சிறு தொகை என்பதால் அது ஏற்பாடு செய்தவருடையதாகிவிடாது. ஒரு தகட்டில் வெட்டும்போது கேட்ட எண்ணிக்கைக்கு மேல் பத்துப் பட்டை மிஞ்சுகிறது, அது யாருடையது? அதையும் பங்காளிகளுடையது என்றே நான் கொள்வேன். பத்தை நூற்றைம்பதாக வகுக்க முடியாதாகையால், அவற்றை வெளியாருக்கு விற்றுத் தபால் செலவில் கழிப்பதோ, கையில் காசில்லாத புது மாணவன் ஒருவனுக்கு எல்லாருடைய சம்மதத்தோடும் கொடுப்பதோ நியாயம். யாரைக் கூட்டத்தில் சேர்ப்பது என்ற கேள்வியும் இங்கேதான் வருகிறது. எல்லாருடைய நெஞ்சையும் திறந்து பார்க்கும் கம்பி இல்லை. ஆகவே ஒவ்வொருவனையும் திருடனாக எண்ணி விசாரிப்பது அவமரியாதை, பயனும் இல்லை. ஆனால் ஒருவன் தன் வாயாலேயே இன்னாருடைய கதவுக்கு என்று சொன்னபின் அவன் பெயரை அடிக்காமல் விடுகிறவர், 1679இல் பேசப்பட்ட அந்த ஏணியைச் சுமக்கத் தொடங்கிவிடுகிறார். வஞ்சகம் செய்யும் கூட்டாளியை லாபமின்றி விலக்கிவிடலாம் என்று யாக்ஞவல்கியரும் அனுமதி தருகிறார். அவன் போட்ட பணத்தை மட்டும் காசு குறையாமல் திருப்பிவிட வேண்டும்.

ஏற்பாடு செய்கிறவருடைய கூலி என்ன? இலவசமாகச் செய்கிறேன் என்று பெருமையாகத் தொடங்கி, பாதி வழியில் களைத்து, பிறகு உறை வாங்கினேன், வண்டிச் சத்தம் கொடுத்தேன் என்று ஒவ்வோர் இனத்திலும் கொஞ்சம் ஏற்றி எழுதுகிறவரைவிட, எனக்கு இவ்வளவு வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்கிறவரை நான் உயர்ந்தவராக மதிப்பேன். கூட்டுத் தொழிலில் அசிரத்தையால் நஷ்டம் விளைவித்தவன் அதை ஈடுகட்ட வேண்டும் என்று சொல்லும் அதே யாக்ஞவல்கிய ஸ்மிருதி, ஆபத்து வந்தபோது சரக்கைக் காப்பாற்றியவனுக்குப் பத்தில் ஒரு பங்கு உண்டு என்றும் சொல்கிறது. பிசிறு விளிம்போடு வந்த பட்டைகளைத் திருப்பி அனுப்பி, பட்டறைக்காரரோடு வாதாடி, மறுபடியும் வெட்ட வைத்து வாங்கியவர் அந்தப் பத்தில் ஒன்றைக் கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை. கேட்டதைக் கணக்கின் கடைசியில் ‘இதர செலவு’ என்று மறைக்காமல், தம் பெயரோடு முதல் வரியில் எழுதிவிடட்டும்.